அம்மன் காலடியில் எண்பத்தேழு மணி நேரம்

எங்கள் ஆலையில் மொத்தம் பதின்மூன்று பேட்ஜுகள். தொழிலாளிகள் பதினொரு பேருக்குப் பதினொன்று, வாசல் காவலருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தீப்பெட்டி அளவில் கறுப்புப் பிளாஸ்டிக். சட்டையில் குத்திக்கொண்டால், அந்த மாதம் முழுக்க அந்த உடம்பின் மேல் விழுந்த கதிர்வீச்சைச் சத்தம் போடாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். மாதக் கடைசியில் பதின்மூன்றையும் எண்ணிப் பெட்டியில் அடுக்கி, திரும்ப எண்ணி, தலைநகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவைப்பது என் வேலை. மூன்றாம் முறையும் எண்ணுவேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற நான்காவது மாதம், சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டுகள் நேற்றைவிட இரண்டு குறைவு என்று சொன்னதற்கு, வேறு எங்காவது போய் எண்ணும்படி மனைவி கேட்டுக்கொண்டாள். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி வகுப்புக்குப் போனேன், தேர்வு எழுதினேன், சான்றிதழ் வாங்கினேன். அறுபத்து மூன்று வயதில் முதல் முறையாக என்னை ஒரு காகிதம் அதிகாரி என்றது. ஆறு வருடம் அந்தக் காகிதத்தின் பலத்தில் ஓடியது.

ஆலை ஜெலாப்பாங்குக்கு அந்தப் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் நிற்கிறது. ஈயச் சுரங்கங்கள் கழித்துப் போட்ட கறுப்பு மணலை இங்கே அமாங் என்பார்கள். அதைக் காந்த இயந்திரத்தில் ஓட்டிப் பிரித்தால் விற்கக்கூடிய மணல் நாலைந்து வகை கிடைக்கும். அவற்றில் ஒன்று மோனசைட். தேன் நிறம், இரும்புக் கனம். அதில்தான் கதிர்வீச்சு. மற்ற மணலை எங்கே குவித்தாலும் கேள்வியில்லை. மோனசைட் மூட்டைகளை மட்டும் தனிக் கிடங்கில் பூட்டி, தினமும் மாலை ஐந்து மணிக்கு எண்ணி, புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூட்டையின் மேல் மீட்டரை வைத்தால் சேவல் மாதிரிக் கத்தும்.

காந்த இயந்திரத்தை ஓட்டியவள் ஐம்பத்திரண்டு வயதுப் பெண். பத்தொன்பது வருடமாக அவள்தான் ஓட்டினாள். பெல்ட்டின் சத்தத்தை வைத்தே மணலில் ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். என்னை அவள் அண்ணே என்பாள்.

ஆறாவது வருடம் ஆயுத பூசை முடிந்து ஐந்தாவது வாரம், ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டு பேட்ஜுகளில் வழக்கத்தைவிட அதிக அளவு. அதிலும் அக்காவுடையது, மற்ற மாதங்களில் வருவதைப் போலப் பல மடங்கு. ஆலையின் பாதுகாப்புக் கையேட்டில் ஒரு வரி உண்டு: ஒரே மாதத்தில் இவ்வளவுக்கு மேல் போனால், விசாரணை முடியும்வரை அந்த ஆள் இயந்திரக் கொட்டகைக்குள் வரக் கூடாது. அந்த வரியை எழுதியவன் நான். எழுதிய அன்று நன்றாகத்தான் இருந்தது.

தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, பழைய தோட்டத்துக் கடைக்காரரின் பேரன். சீனர்தான், ஆனால் தமிழில், கடைசியில் ஒரு 'லா' சேர்த்து, எங்களைவிட வேகமாகத் திட்டுவார். கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், அக்காவ வீட்டுக்கு அனுப்புங்க. உங்க ரூல்தான?"

"எத்தனை நாளைக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? மிஷின் நிக்கக் கூடாது. ஒப்பந்தத்துல ஒரு ஆளக் கேட்டிருக்கேன், வெளிநாட்டு ஆளு, மத்தியானமே வந்துருவான். பழகிட்டான்னா அவனே ஓட்டட்டும் லா."

"அப்புறம் அக்கா?"

"கூட்டுற வேலை இருக்கு. அதுவும் கொட்டகைக்கு உள்ளதான் இருக்கு. அப்ப அதுவும் இல்ல."

அன்று மத்தியானமே அவளை அனுப்பினோம். பேட்ஜைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, இயந்திரத்துக்குப் போய் ஒரு திருகை இறுக்கிவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் தவுக்கே கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் சூரியன் நெருப்பைத் துப்பிக்கொண்டிருந்தது.

"இதப் பாருங்க சார். அந்த மாசம் சூரியன்ல புயலாம். பிளாஸ்மாவாம். அங்கேருந்து கெளம்பி இங்க வந்து அடிக்குதாம். இதையே எழுதிடுங்க லா. ஆலை மேல தப்பில்ல, அக்கா மேல தப்பில்ல, உங்க மேலயும் இல்ல. சூரியன யாரு விசாரிக்கப் போறாங்க?"

"நமக்கு மேல இருக்கிற காத்து பத்து மீட்டர் தண்ணிக்குச் சமம். அதைத் தாண்டி வந்து நம்ம பேட்ஜை அது ஒண்ணும் செய்யாது."

"நீங்கதான் வீட்டுல தெனமும் சூரியன்ல புள்ளி எண்ணுறீங்களாமே? உங்க வைஃப் சொல்லிச் சிரிச்சாங்க. அந்த வாரம் எத்தன?"

உண்மைதான். பழைய பைனாகுலரை ஓர் அட்டைப்பெட்டியில் பொருத்தி, சூரியனின் பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழவைத்து, காலை ஒன்பது மணிக்குப் புள்ளிகளை எண்ணி எழுதுவேன். மேகம் இருந்தால் மேகம் என்று எழுதுவேன்.

"முப்பத்தேழு," என்றேன்.

"ஐயோ, முப்பத்தேழு! போதாதா சார்?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது, வீட்டுக்குப் போய் எழுதிப் பார்த்தேன். "அக்காலகட்டத்தில் சூரியனின் செயற்பாடு மிகுந்திருந்ததை அலுவலகம் கவனத்தில் கொள்ளுமாறு" என்று ஆரம்பித்து அறுபத்துநாலு சொல். ஒரு சொல்லும் பொய்யில்லை, மொத்தமும் பொய். மனைவி வாங்கிப் படித்தாள். "இவ்வளவு சுத்தமா நீங்க எழுதினா எதையோ மறைக்கிறீங்கன்னு அர்த்தம்," என்றாள்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அதற்கு அவள் சொன்னது காரணமில்லை. காவலரின் பேட்ஜ்தான் காரணம். பதின்மூன்றாவது. பகல் முழுக்க வாசலில் வெயிலில் நிற்பவர் அவர் ஒருவர்தான். அவருடைய பேட்ஜில் எப்போதும் போல ஒன்றுமேயில்லை. வெயிலில் நின்றவரை விட்டுவிட்டு, கூரைக்குக் கீழே இருந்த பன்னிரண்டு பேரை மட்டும் சூரியன் எப்படித் தேடிப் பிடித்தது?

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடி, நாலாவது மாடி. கூடத்தில் நாளிதழ் விரித்து, துணி துவைக்கும் மிஷினைப் பிரித்துப் போட்டிருந்தாள். நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு உருப்படியாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரிப்பேரா?"

"ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. சத்தம் புடிக்கல, கழட்டிட்டேன். சும்மா இருந்தா கை என்னா செய்யும்? கிட்ட வராதீங்கண்ணே, நான் இருட்டுல மின்னுறேனாம்."

"யாரு சொன்னா?"

"கீழ் வீட்டுக்காரி. நான் இருந்தா லிஃப்ட்ல ஏற மாட்டேங்குறா. நல்லதுதான், லிஃப்ட் காலியா கெடைக்குது." நிமிர்ந்து பார்த்தாள். "மிஷின்ல வேற ஆளு நிக்குதாமே?"

"பழகிக்கிட்டு இருக்கான்."

"பெல்ட்ட இறுக்கிப் போட்டு ஓட்டுறானாம். அந்தக் காந்தம் தாங்காது. நான் திரும்பி வர்றதுக்குள்ள மிஷினக் கொன்னுருவான். வர்றதுன்னு ஒண்ணு இருந்தாத்தான." துணியைக் கீழே போட்டாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த மாசம் நான் புதுசா என்னா செஞ்சேன்? அதே மிஷின், அதே எடம்."

"அதுதான் எனக்கும் தெரியல."

"பேட்ஜக் கழட்டினதே ஒரு தடவைதான். பூசைக்கு. அப்ப அது அம்மன் காலடியில இருந்துச்சு."

"காலடியிலயா வச்சே?"

"நானா வச்சேன்? நீங்கதான 'அக்காவோடது முன்னால இருக்கட்டும், பத்தொம்பது வருஷ சர்வீஸ்'னு எடுத்துக் கொண்டுபோய் வச்சீங்க!"

ஆமாம், நான்தான் வைத்தேன்.

ஆயுத பூசையில் வேலை செய்யும் பொருள்களை அம்மன் முன்னால் வைத்து, மறுபூசை போடும்வரை தொடாமல் இருக்க வேண்டும். எங்கள் ஆலையில் ஸ்பேனர், மண்வெட்டி, தராசு எல்லாம் வைப்பார்கள். "பேட்ஜும் நம்ம ஆயுதந்தான சார்?" என்று அந்த வருடம் ஒருவர் கேட்டார். எனக்குக் கேட்க இதமாக இருந்தது. என் பேட்ஜுகளைப் பற்றி முதல் முறையாக ஒருத்தர் மரியாதையாகப் பேசினாரே. பன்னிரண்டையும் வாங்கினேன். காவலர் பணியில் இருந்ததால் கழற்றவில்லை. சர்வீஸ் வரிசைப்படி அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனப்பொட்டு வைத்தேன், பன்னிரண்டு பொட்டு. என்னுடையதை அடக்கமாகக் கடைசியில், எலுமிச்சம்பழத் தட்டில் வைத்துக்கொண்டேன். சரஸ்வதி படம் கிடைக்காததால் மாரியம்மன்தான் அந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டாள். பூசை வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு விடுமுறை, திங்கள் மின்சாரப் பராமரிப்புக்கு மூடல். செவ்வாய் காலை எட்டு மணிக்கு மறுபூசை. எண்பத்தேழு மணி நேரம் பேட்ஜுகள் மேடையில் கிடந்தன.

மேடை எதன் மேல் நின்றது? அதை மட்டும் நான் பார்க்கவில்லை. மஞ்சள் துணி போட்டு மூடியிருந்தது.

திங்கட்கிழமை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"பூசை மேடைக்கு எந்த மூட்டையை எடுத்தீங்க?"

"கெடங்கு வாசல்ல இருந்தது சார். நல்ல கனம். நீங்கதான மேடை ஆடக் கூடாதுன்னு நாலு தடவ சொன்னீங்க."

"மூட்டையில மஞ்சள் எச்சரிக்கைப் படம் ஒட்டியிருக்குமே, பாக்கலயா?"

"அது மேலதான் மஞ்சத் துணியப் போட்டமே."

"எத்தனை மூட்டை?"

"ஆறு." என்னை உற்றுப் பார்த்தார். "ஏன் சார், நீங்க எண்ணலயா?"

நான் அறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி: கிடங்கில் மூட்டைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. கீழே என் கையெழுத்து, வளைவு சுழிவு எல்லாம் சரியாக. அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே எண்ணியிருந்தேன். ஐந்து மணிக்கு நல்ல நேரம் தவறிவிடும் என்று மத்தியானக் கணக்கையே எழுதிவிட்டுச் சூடம் கொளுத்தப் போய்விட்டேன். செவ்வாய்க்கிழமை ஃபோர்க்லிஃப்ட்காரர் மூட்டைகளைத் திரும்பக் கிடங்கில் வைத்துவிட்டார். அன்று எண்ணினேன், இருநூற்றுப் பன்னிரண்டு. உலகம் ஒழுங்காக இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். கணக்கு மிக எளிது, அதுதான் தொல்லை. மூட்டைகள் ஐந்து மணிக்குக் கிடங்கில்தான் இருந்தன என்று நான் நின்றால், அவை பேட்ஜுகளுக்குக் கீழே இருக்கவில்லை. பேட்ஜுகளுக்குக் கீழே அவை இல்லையென்றால், அவ்வளவும் அக்காவின் உடம்பு வாங்கியது. அவள் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். அவளுக்கு இயந்திரம் திரும்பக் கிடைக்க வேண்டுமானால், எண்ணாத கணக்குக்குக் கையெழுத்துப் போட்டேன் என்று நானே சொல்ல வேண்டும். பொய்க் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்குச் சான்றிதழ் தங்காது. வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகத் தலையாட்டியவன் நான்.

மூன்றாம் நாள் தவுக்கேயிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார்.

"சாமிக்குக் கீழ மோனசைட்டா? நாலு நாளா? சார், சூரியன் எவ்வளவோ தேவல லா!"

"சோதனை செஞ்சு காட்டலாம். அதே ஆறு மூட்டை, அதே வரிசை, புது பேட்ஜு, அதே எண்பத்தேழு மணி. அளவு ஒத்துப்போனா அக்காவோட கணக்குத் திருத்தப்படும்."

"உங்க கணக்கு?"

"அது வேற புத்தகம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அந்த வெளிநாட்டு ஆளு நேத்து ரெண்டு பெல்ட்ட அறுத்துட்டான்," என்று சொல்லிவிட்டு, உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டார்.

அங்கிருந்து ஆய்வாளராக ஒரு மலாய்ப் பெண் வந்தாள். இளம் வயது, தலையில் நீலத் துடோங் முக்காடு, கையில் தடித்த குறிப்பேடு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஃபோர்க்லிஃப்ட் ஆறு மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கியது. எது எங்கே இருந்தது என்று காட்ட அக்காவையும் வரவழைத்திருந்தோம். நான் மூட்டைகளின் மேல் நேரடியாகப் பேட்ஜுகளை வைக்கப் போனேன்.

"என்னாண்ணே இது?" என்றாள் அக்கா. "துணி எங்க? பூ எங்க? அம்மன் எங்க?"

"இது சோதனைம்மா. அம்மன் வேண்டாம்."

"போன தடவ அம்மன் இருந்தாங்கல்ல? அவுங்க காலடியில கெடந்ததுக்குத்தான என்னய வீட்டுக்கு அனுப்புனீங்க? இப்ப அவுங்கள வெளிய நிக்க வச்சிட்டுச் சோதனையா?"

என்ன சண்டை என்று ஆய்வாளர் மலாயில் கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"பாக்சிக்," என்றாள், மாமா என்பதைப் போல, "அந்தப் படத்துக்குக் கண்ணாடி உண்டா? சட்டம் மரமா, இரும்பா? துணி எத்தனை மடிப்பு? எல்லாம் அன்றைக்கு இருந்தது போலவே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சோதனை செல்லாது."

அறிவியல் அக்காவின் பக்கம் சாய்ந்துவிட்டது. படம் வந்தது. துணி வந்தது. பூ வாங்க ஒருத்தர் மோட்டார்சைக்கிளில் ஓடினார். ஆய்வாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போனாள்: மஞ்சள் துணி ஒன்று, இரண்டு மடிப்பு, எலுமிச்சம்பழம் நான்கு, பித்தளைத் தட்டு ஒன்று. எனக்குத் தெரிந்து, அரசாங்கக் காகிதத்தில் எங்கள் அம்மன் "மரச்சட்டமிட்ட படம், கண்ணாடியுடன்" என்று பதிவானது அப்போதுதான். அக்கா சூடம் காட்டினாள். அம்மனை வைத்துவிட்டுச் சுண்டல் இல்லாமல் எப்படி என்று அதையும் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள்.

"இது 'கச்சாங் குடா'தானே?" என்று கடலையின் மலாய்ப் பெயரைச் சொல்லிக் கேட்ட ஆய்வாளர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து என் புத்தகத்தைக் கேட்டாள். புரட்டி, அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"மேடை நாலரை மணிக்குப் போட்டதாகச் சொல்கிறீர்கள். ஐந்து மணிக்குக் கிடங்கில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று இருக்கிறது. இருநூற்று ஆறு என்றல்லவா இருக்க வேண்டும்?"

ஃபோர்க்லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார். தவுக்கே கைத்தொலைபேசியைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"எண்ணவில்லை," என்றேன். "மத்தியானக் கணக்கை எழுதினேன்."

"கையெழுத்து?"

"என்னுடையது."

ஆய்வாளர் எழுதினாள். சுண்டலுக்கு முன்னால் கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

செவ்வாய் காலை பேட்ஜுகளை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். முடிவு வர இரண்டு வாரம் ஆனது. பன்னிரண்டும் ஏறத்தாழ முதல் தடவை போலவே இருந்தன. அக்காவுடைய இடத்தில் இருந்ததுதான் உச்சம். அங்கிருந்து சர்வீஸ் குறையக் குறைய அளவும் குறைந்துகொண்டே வந்தது. அடக்கமாகத் தட்டில் கிடந்த என்னுடையதுதான் ஆகக் குறைவு. அம்மனுக்கு நெருக்கமாக இருப்பது உடம்புக்கு ஆகாது என்று இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபித்திருக்க மாட்டார்கள். முன்வரிசையில் நின்ற அம்மனுக்குப் பேட்ஜ் இல்லை. அவளுக்கு எவ்வளவு ஏறியது என்று யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்த வாரம் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில் அக்காவின் அந்த மாதக் கணக்கு நீக்கப்பட்டது, அவள் வேலைக்குத் திரும்பலாம். மற்றதில் என் சான்றிதழைத் திரும்ப அனுப்பச் சொல்லியிருந்தது. முதல் கடிதம் பதினொரு வரி, என்னுடையது மூன்று வரி.

சாவிகளை ஒப்படைக்க ஒரு வியாழக்கிழமை ஆலைக்குப் போனேன். என்னிடம் பேட்ஜ் இல்லாததால் காவலர் என்னைக் கொட்டகைக்குள் விடவில்லை. சரியாகத்தான் செய்தார். வாசலில் நின்றபடி பார்த்தேன். காந்த இயந்திரம் நின்றிருந்தது. அக்கா அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். வெளிநாட்டு ஆள் பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அவரை மலாயில் திட்டினாள், காந்தத்தைத் தமிழில் திட்டினாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பாத்தீங்களா, என்னா பாடு படுத்தி வச்சிருக்கான். நான் எத்தன நாளு இல்ல? எண்ணி வச்சிருப்பீங்களே."

"முப்பத்தெட்டு நாள்."

"முப்பத்தொம்பது. மொத நாளு மத்தியானமே அனுப்பிட்டீங்க. அத வுட்டுட்டீங்க."

"அது அரை நாள்தானேம்மா."

"அன்னிக்கித்தான் அந்த ஆளு மொத பெல்ட்ட அறுத்தான்," என்றாள். "அரை நாளாம்!"

உள்ளே போய் இயந்திரத்தைப் போட்டாள். ஓடிய உடனே நிறுத்தி, எதையோ கால் சுற்றுத் தளர்த்தி, திரும்பப் போட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். இந்த முறை நிறுத்தவில்லை. நான் சாவிகளைக் காவலரிடம் கொடுத்தேன். ஏழு சாவிகள். எண்ணி வாங்கிக்கொள்ளும்படி சொன்னேன். "பரவால்ல சார், நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்," என்றார். எண்ணினால்தான் போவேன் என்று அங்கேயே நின்றேன். எண்ணினார்.